இந்தக் கட்டை எனக்குப் பொருந்தும்

ஹாக்கி மட்டை இல்லை அக்கா. பார்த்தால் அப்படித்தான் தெரியும். கோத்தகிரியில் ஏறும்போது கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். இது கோல்ஃப் ஆட்டத்துக்கானது. மற்றதெல்லாம் அதோ, டிரைவர் பின்னால் பையில் கிடக்கிறது. இதை மட்டும்தான் மடியில் வைத்திருக்கிறேன். தலையும் தண்டும் சேரும் இந்தக் கழுத்தைப் போன வாரம்தான் புதுப் பசை போட்டு ஒட்டினோம். கொண்டை ஊசி வளைவில் பை உருண்டு எங்காவது இடித்துக்கொண்டால் நாளைக்கு நான் என்ன செய்வேன்? உங்கள் காலில் படுகிறதா? இருங்கள், இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

இதற்குப் பெயர் ஃபேர்வே வுட். முன்பு தலையை மரத்தில் செய்தார்களாம், அதனால் வந்த பெயர். இது முழுக்க இரும்பு. எங்கள் வீட்டில் கட்டை என்றுதான் சொல்வோம். முதல் அடியைக் குச்சி மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். அதற்கப்புறம் பந்து எங்கே விழுந்ததோ அங்கிருந்தே, புல் தரையிலிருந்தே அடிக்க வேண்டும். குழி இன்னும் தூரத்தில் இருந்தால் அப்போது எடுப்பது இது.

நாளைக்குக் காலை எட்டு மணிக்குக் கோயம்புத்தூரில் எனக்குத் தேர்வு. பதினெட்டுக் குழியையும் எண்பத்தைந்து அடிக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் எங்கள் ஊர் கிளப்பில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் உதவிப் பயிற்சியாளர் வேலை. பெண் பயிற்சியாளர்தான் வேண்டும் என்று எனக்காக ஜூன் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்காக என்றால் எனக்காக இல்லை, வேறு யாரும் இல்லை என்பதற்காக. ஒரு தடவை எழுதித் தோற்றாகிவிட்டது. எழுதி என்கிறேன் பாருங்கள், படித்த பழக்கம். ஆடித் தோற்றாகிவிட்டது. நாளைக்கும் தோற்றால் வேலை போச்சு.

இதில் எல்லோரும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இந்தக் கட்டை எனக்குப் பொருந்தாதாம். அதனால்தான் தோற்றேனாம். பொருந்தும் அக்கா. இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்று கிடைக்காது. சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளப்பில் உடை மாற்றும் அறையை இடித்துக் கட்டினார்கள். யாரும் உரிமை கேட்காத பழைய கட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர். பை தூக்கும் அண்ணன்மார் எல்லோரும் பளபளப்பானதாகப் பார்த்து எடுத்துவிட்டார்கள். நான் அப்போது ஆட வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதும் வேலையில் இருந்தேன், இப்போதும் அதே வேலைதான். எழுதி முடித்துப் போய்ப் பார்த்தால் வளைந்த ஒன்றும் இதுவும்தான் மிச்சம். பை தூக்கும் சகாயம் அண்ணன் சிரித்தார். "வாணி, இது உன்னைவிட மூத்தது போலிருக்கு. வணக்கம் சொல்லிட்டு எடும்மா."

மிச்சம் கிடந்தது என்பதற்காக நான் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் புள்ளியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எதையும் லேசில் நம்ப மாட்டேன், பயம் அதிகம். பரீட்சை எழுதிவிட்டு வந்து, விடைத்தாளில் பதிவெண் போட்டேனா என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான்.

முதலில் உடம்பைப் பார்த்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு தண்டைத் திருகினேன், அசைகிறதா என்று. அப்போது அசையவில்லை. காதருகில் வைத்துக் குலுக்கினேன், உள்ளே ஏதாவது உடைந்து உருள்கிறதா என்று. மேஜை மேல் உருட்டினேன், தண்டு வளைந்திருக்கிறதா என்று. பந்து படும் முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவினேன். கைப்பிடி ரப்பர் மட்டும் கல்லாகியிருந்தது, மாற்றிவிட்டேன்.

அடுத்தது, எனக்கு இது தேவையா? தட்டைத் தலை உள்ள கட்டையை அயர்ன் என்பார்கள், என்னிடம் இருந்ததில் நீளமான அயர்ன் நூற்று முப்பத்தைந்து கஜம் போகும். முதல் அடிக்கு எடுக்கும் கட்டைக்கு டிரைவர் என்று பெயர், அது நூற்றுத் தொண்ணூறு. நடுவில் ஒன்றுமே இல்லை. மாடிப்படியில் நடுவில் இரண்டு படி இல்லாத மாதிரி. இது நூற்று அறுபது சுமாருக்குப் போனால் போதும், அந்த இடம் நிரம்பிவிடும்.

அப்புறம்தான் பந்து. பயிற்சி பண்ணும் இடத்தில் பச்சைப் பாய் போட்டிருப்பார்கள். அதன் மேல் வைத்து அடித்துப் பார்த்து ஒரு கட்டையை நல்லது என்று சொல்லவே கூடாது. முதலில் பாயில் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும். நம் தப்பைப் பாய் மறைத்துவிடும். புல்லில்தான் அடிக்க வேண்டும். வெயில் காய்ந்த நாளில் இருபது, மூடுபனியில் தரை ஊறிய நாளில் இருபது, வேலை முடிந்து கை சோர்ந்த நேரத்தில் இருபது. ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று காலடியால் அளந்து எழுதினேன். அதில் மிக நன்றாகப் போன இரண்டைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அது நாம் அடித்ததில்லை, தானாக அமைந்தது. ஆனால் அந்த ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கட்டை வாங்குகிறார்கள். மோசமாகப் போனது எவ்வளவு மோசம், எந்தப் பக்கம் போகிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். இது மோசமாகப் போனாலும் நூற்று ஐம்பதுக்குக் குறையவில்லை. கொஞ்சம் வலது பக்கம் சாயும், அவ்வளவுதான். சாயும் என்று தெரிந்தால் சரிபண்ணிக்கொள்ளலாம்.

எங்கள் கிளப்பின் பெரிய பயிற்சியாளர் போஜன் சார். நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவர்தான் எனக்கு இந்தத் தேர்வைப் பற்றியே சொன்னார். ஆனால் இந்தக் கட்டையைப் பார்த்தால் அவருக்கு முகம் சுருங்கும். புதிதாக ஹைப்ரிட் என்று ஒன்று வந்திருக்கிறது, பாதி அயர்ன் பாதி வுட் மாதிரி. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இருபது வருஷத்துச் சாமான்மா அது. இப்ப வர்றதுல தப்பா அடிச்சாலும் பந்து போகும். நீ ஏன் கஷ்டப்படற?"

"தப்பா அடிச்சா தப்பாத்தானே சார் போகணும்?" என்றேன்.

"வாய் மட்டும் நல்லா அடிக்குது."

அவரிடம் ஒரு மெஷின் இருக்கிறது. பந்து எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று திரையில் காட்டும். அதன் முன்னால் நிற்கவைத்து இரண்டிலும் பத்துப் பத்துப் பந்து அடிக்கச் சொன்னார். சராசரியில் ஹைப்ரிட் ஆறு கஜம் அதிகம். "பாரு, மெஷின் பொய் சொல்லாது" என்றார். பொய் சொல்லாது சார், ஆனால் அது பாய் மேல் வைத்த பந்தைத்தானே பார்த்தது? தவிர, சராசரியை மட்டும் பார்க்கிறவரிடம் புள்ளியியல் படித்தவள் என்ன பேசுவது? ஹைப்ரிட்டில் ஒன்று நூற்று நாற்பது போனது, ஒன்று நூற்று எண்பத்தைந்து போனது. நடுவில் ஒரு ஓடை இருந்தால் எதை நம்பி அடிப்பது? இதில் பத்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. நான் சொன்னேன். "சரி சரி, டிகிரி வாங்கினவ சொல்ற" என்று மெஷினை அணைத்துவிட்டார்.

அவர் இன்னொன்றும் சொல்வார். "நீ பந்தைத் தடவுற வாணி. அடிக்கல. கீழ குத்தி அடி. மண்ணு பேரணும்."

அது மட்டும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கிளப்பில் திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை. அன்றைக்கு வேலை செய்கிறவர்கள் ஆடலாம். ஆனால் ஒரு சட்டம் உண்டு. கொட்டகைச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது: புல் பெயர்க்கக் கூடாது. கட்டை தரையில் குத்தினால் புல்லும் மண்ணுமாக ஒரு துண்டு தோசை மாதிரி பெயர்ந்து பறக்கும். டிவட் என்பார்கள். உறுப்பினர் பெயர்க்கலாம், அது ஆட்டம். நாங்கள் பெயர்த்தால் அடுத்த திங்கட்கிழமை நாங்கள் வீட்டில். அதனால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே அடிதான். புல் நுனியை மட்டும் சீவிக்கொண்டு போகும். வெளியூர் ஆள் பார்த்தாலே சொல்லிவிடுவார், இவர்கள் திங்கட்கிழமை ஆட்டக்காரர்கள் என்று. அந்த அடிக்கு இந்தக் கட்டை அளவெடுத்த மாதிரி. முகம் உயரம் குறைவு, அடிப்பாகம் வழுவழு. தரையைச் சீண்டாமல் பந்தைத் தூக்கும். இப்போது சொல்லுங்கள், பொருந்துமா பொருந்தாதா?

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா அங்கேதான் வேலை. ஆபீசில் இல்லை அக்கா. வெளியில். புல்லில். காலை ஏழு மணிக்கு ஒரு வாளியில் மணலும் விதையும் கலந்து எடுத்துக்கொண்டு போவாள். பெயர்ந்த துண்டு பக்கத்தில் கிடந்தால் பொருத்தி அமுக்குவாள், காணாமல் போயிருந்தால் மணல் போட்டு அடைப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு. குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவேன். "பாவி, எப்படிப் பேத்துப் போட்டிருக்கான் பாரு" என்று முனகிக்கொண்டே அடைப்பாள். நானும் காலால் அமுக்கிக்கொண்டே பின்னால் போவேன். ஒன்பது வயதில் ஒரு முடிவு எடுத்தேன், நான் ஒருநாளும் பெயர்க்க மாட்டேன் என்று. இன்றுவரை பெயர்த்ததில்லை. அதாவது, பதினைந்து நாளைக்கு முன்னால் வரை. அதை அப்புறம் சொல்கிறேன்.

பிப்ரவரியில் முதல் தேர்வு. அதே கோயம்புத்தூர் மைதானம். ராத்திரியே கூடப் படித்த ஒருத்தி வீட்டில் போய்த் தங்கிக்கொண்டேன். விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்திருந்தேன். என்னோடு ஆடினவள் சென்னைப் பெண், சம்யுக்தா என்று பெயர். அவள் எண்ணிக்கையை நான் குறிக்க வேண்டும், என் எண்ணிக்கையை அவள். நன்றாக ஆடினேன் அக்கா. பதின்மூன்று குழி முடியும்போது கையில் சில அடிகள் மிச்சம் இருந்தன. ஏழு தடவை இந்தக் கட்டையை எடுத்தேன், ஏழும் சொன்ன இடத்தில் விழுந்தது.

பதினாலாவது. முதல் அடி நடுவில்தான் விழுந்தது. போய்ப் பார்த்தால் பந்துக்குப் பின்னால் ஒரு டிவட். யாரோ பொருத்தி வைத்திருக்கிறார்கள், ஆனால் அமுக்கவில்லை. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் காலால் அமுக்கினேன். இரண்டு மிதி. அப்புறம் கட்டையை எடுத்தேன், அடித்தேன். அந்த நாளிலேயே அதுதான் சிறந்த அடி. கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நடந்து போகும்போதுதான் மண்டையில் உறைத்தது. பந்துக்குப் பின்னால் இருக்கும் தரையை அடிப்பதற்கு முன்னால் சரிபண்ணக் கூடாது. பண்ணினால் இரண்டு அடி அபராதம். எனக்குத் தெரியும். பக்க எண்ணோடு தெரியும். ஆனால் என் காலுக்குத் தெரியவில்லை.

சம்யுக்தா அந்தப் பக்கம் மரத்தடியில் அவள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. நான் போய் அவளிடம் சொன்னேன்.

"ஐயோ, நான் பார்க்கவே இல்லைங்க. விடுங்க" என்றாள்.

"நான் பார்த்தேனே."

"நீங்க என்ன லூசா?" என்றாள். திட்டவில்லை, பாவப்பட்டுத்தான் கேட்டாள். நடுவரிடம் போனோம். வயதானவர், நிதானமானவர். "தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க. எதுக்கும்மா அதை அமுக்குனீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுதாமல் என் முகத்தையே பார்த்தார். "தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எண்பத்து நான்கில் முடித்திருக்க வேண்டியது, எண்பத்தாறு. ஒன்றே ஒன்று கூட.

திரும்பி வந்தேன். போஜன் சார் அடிகளைக் குறித்த சீட்டை வாங்கிப் பார்த்தார். நடுவரிடம் சொன்னதெல்லாம் அதில் இல்லை, எண்கள் மட்டும்தான். "பதினாலாவதுல ஆறா? அங்க எதுல அடிச்ச, அந்தக் கட்டையிலதானே?"

"ஆமா சார்."

"நான் சொன்னேனா இல்லையா?"

மறுநாள் கிளப் முழுக்கப் பேச்சு. வாணி பழைய கட்டையைக் கட்டிக்கொண்டு அழுது வேலையைக் கோட்டைவிட்டாள் என்று. டீ கொண்டு வருகிறவர்கூட, "புதுசு கொடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே பாப்பா" என்கிறார். சகாயம் அண்ணன், "கட்டைக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்திடலாமா?" என்று கேட்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு அந்தக் கட்டை ஒரு தப்பும் பண்ணவில்லை. அதன் மேல் பழி போடுகிறார்கள்! மூன்று மாதம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இல்லை. சொல்லவில்லை. அந்த அபராதத்தை யாரிடமும் சொல்லவில்லை. என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? அவர் எதில் அடித்தாய் என்று கேட்டார், அதற்குப் பதில் சொன்னேன். ஏன் ஆறு என்று கேட்கவில்லையே. கேட்டால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? அமுக்கினேன் என்றால் ஏன் அமுக்கினாய் என்பார்கள். எங்கம்மா இதைத்தான் செய்கிறாள், எனக்கும் பழகிவிட்டது என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன? எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் விண்ணப்பத்தில் தாயார் தொழில் என்ற இடத்தில் 'மைதானப் பராமரிப்பு' என்று எழுதினவள் நான். பொய் இல்லை. பராமரிப்புதானே?

சரி, விடுங்கள். கதையைக் கேளுங்கள்.

மே மாதத் தொடக்கத்தில் இரண்டாவது தேர்வுக்குத் தேதி வந்தது. கிளப்பிலிருந்து கடிதம் வேண்டும், போஜன் சார் கையெழுத்துப் போட வேண்டும். ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டு போனால் போடுகிறேன் என்றார். முடியாது சார் என்றேன். எனக்கே ஆச்சரியம். நான் பேங்க்கில் சலான் தப்பாக எழுதிவிட்டால் புதுச் சலான் கேட்கவே பயப்படுகிறவள்.

அவர் விடவில்லை. "சரி. ஒரு பந்தயம். நல்ல புல்லுல வச்சு யார் வேணா அடிக்கலாம். பழைய டிவட் பள்ளத்துல வைக்கிறேன், மொட்டைத் தரையில வைக்கிறேன். பத்துப் பந்து. அந்த வரப்பைத் தாண்டி ஆறு போச்சுன்னா நீ அந்தக் கட்டையவே தூக்கிட்டுப் போ."

மூன்று போனது. மீதி ஏழும் மண்டையில் அடிவாங்கி உருண்டன. பள்ளத்தில் கிடக்கும் பந்தைச் சீவி எடுக்க முடியாது. குத்தித்தான் எடுக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஹைப்ரிட்டைச் சுவரில் சாத்திவிட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக்க" என்று போய்விட்டார்.

வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னடி என்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிப்ரவரியில் அமுக்கினது, அபராதம், யாரிடமும் சொல்லாதது, குத்தி அடிக்க முடியாதது, ஏன் முடியாது என்பது, எல்லாம். ஒன்பது வயதில் எடுத்த முடிவைச் சொல்லும்போது எனக்கு அழுகை கூடிவிட்டது. அவளும் அழுவாள் என்று நினைத்தேன்.

அம்மா சிரித்தாள் அக்கா. கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்டி, எல்லாரும் உன்னை மாதிரி தடவித் தடவி அடிச்சா எனக்கு ஏதுடி வேலை? உன்னைப் படிக்க வச்சது இந்தப் பள்ளம்தான்."

"நீதானே பாவி பாவின்னு திட்டுவ?"

"அது வாயில வர்றது. பஸ் லேட்டானா டிரைவரைத் திட்டுறதில்ல? அதுக்காக பஸ்ஸே ஓட வேணாம்னா சொல்றோம்?"

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. பதினாலு வருஷம் இவளுக்காக ஒரு புல்லைக்கூடச் சீண்டாமல் ஆடியிருக்கிறேன், இவள் சிரிக்கிறாள்! "உனக்கு ஆட்டம் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாது. யாரு பந்து நல்லாப் போகும்னு மட்டும் தெரியும். பந்துக்கு முன்னாடி பேத்தா நல்லாப் போகும். பின்னாடி பேத்தா ஆளு திட்டிக்கிட்டே நடப்பான்" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக அடைக்கிறாள், எந்தப் பள்ளம் எப்படி விழுந்தது என்று தெரியாமலா இருக்கும்? அதை நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் பாதிதான் ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, கொட்டகைக்குப் பின்னால் அவர்கள் ஒட்டுப்போடப் புல் வளர்க்கும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இது எங்க இடம். எவனும் கேக்க மாட்டான். குத்து" என்றாள். வாளியோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பந்துக்கும் மண்டையில்தான் அடி. இரண்டாவதுக்கும். கை இறங்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சத்தம் வந்தது, அதுவரை என் கையிலிருந்து வராத சத்தம். பந்து வேலிக்கு அப்பால் போய்விட்டது. கீழே பார்த்தால் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு காணோம். அமுக்கப் போனேன். "ஏய், அது என் வேலை. நீ அடுத்ததை அடி" என்றாள்.

பதினோரு நாள் அப்படி. அந்தக் குத்தில்தான் கழுத்தில் பசை விட்டது, டிக் டிக் என்று சத்தம் வந்தது. போஜன் சார் காதில் விழுந்திருந்தால் கொண்டாடியிருப்பார். சகாயம் அண்ணன்தான் தலையைச் சூடுபண்ணிக் கழற்றி, பழையதைச் சுரண்டிவிட்டு ஒட்டிக் கொடுத்தார். "இனிமே உன் கல்யாணம் வரைக்கும் வரும்" என்றார். நோட்டில் எழுதினேன். பள்ளத்திலிருந்து இருபதில் பதினாலு. நல்ல புல்லில் முன்னைவிட ஏழு கஜம் கூட.

போன திங்கட்கிழமை போஜன் சாரிடம் போய், "பத்துப் பந்து சார்" என்றேன். அவரே வைத்தார், அவர் வைக்க முடிந்த மோசமான இடங்களில் எல்லாம். ஏழு போனது. மண் பறந்தது. திங்கட்கிழமை. சட்டம் ஒட்டிய சுவருக்கு நேராக.

"பார்த்தியா? குத்தி அடி, குத்தி அடின்னு நான் எத்தனை மாசமா கத்துறேன்" என்றார்.

"கட்டை மாறலையே சார்" என்றேன்.

"கட்டையைப் பத்தி நான் என்ன சொன்னேன்? உன் அடியைத்தான் சொன்னேன்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! இரண்டு வருஷம் கட்டை கட்டை என்றவர். கையெழுத்தைப் போட்டுவிட்டு ஏதோ முணுமுணுத்தார், எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்ன குத்து சரிதான். அதை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. நான் சொன்ன கட்டையும் சரிதான். அதை அவர் என்னிடம் சொல்லப்போவதில்லை. அபராதத்தைப் பற்றி? சொல்கிறேன் அக்கா, சொல்லாமல் இருப்பேனா? தேர்வு முடியட்டும். ஜெயித்துவிட்டுச் சொன்னால் ஒரு மாதிரி, தோற்றுவிட்டுச் சொன்னால் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள். அதற்காகவாவது ஜெயிக்க வேண்டும்.

கடிதத்தோடு சேர்த்து விண்ணப்பம் மறுபடியும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. தாயார் தொழில். பேனாவை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். 'டிவட் அடைப்பவர்' என்று எழுதினேன். கட்டத்துக்குள் இடம் பத்தவில்லை, வெளியே கொஞ்சம் நீண்டுவிட்டது. நீளட்டும்.

மேட்டுப்பாளையம் வந்துவிட்டதா? இறங்க வேண்டுமா? இருங்கள், காலை எடுத்துக்கொள்கிறேன், பார்த்து வாருங்கள். பையை நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? நாளைக்கும் அதே மாதிரி, பந்துக்குப் பின்னால் புல் தூக்கிக்கொண்டு கிடந்தாலா?

கிடக்கட்டும் அக்கா. முதலில் அடிப்பேன். நன்றாகக் குத்தி, மண் பறக்க அடிப்பேன். பந்து எங்கே போகிறது என்று பார்ப்பேன். அப்புறம் குந்தி உட்கார்ந்து இரண்டையும் அமுக்குவேன், முன்னால் போனவன் பெயர்த்ததையும் நான் பெயர்த்ததையும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பின்னால் ஆட வருகிறவர்கள் காத்திருக்கட்டும்.